ஏரிக்கு வழி கேட்டவர்

ரங்கூனில், சுவேடகோன் பயா என்னும் பெரிய புத்தர் கோயிலுக்குக் கிழக்கே இருந்த அந்தத் தண்ணீர்ப் பரப்புக்கு எங்கள் பத்திரிகையில் ஒரு பெயர் நிலைக்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை ராயல் லேக் என்று எழுதின. பர்மியர் கன்டோஜி என்றார்கள். அவர்கள் மொழியில் கன் என்றால் குளம். நான் மொழிபெயர்க்கும் செய்திகளில் 'இராஜ ஏரி' என்று எழுதுவேன். எங்கள் ஆசிரியர் தஞ்சாவூர்க்காரர். பாசனத்துக்கு உதவாத தண்ணீரை ஏரி என்று எழுதக் கூடாது என்பது அவர் கட்சி. அதை அடித்துவிட்டுக் 'குளம்' என்று திருத்துவார். அச்சுக் கோப்பவர் இரண்டையும் விட்டுவிட்டு 'லேக்' என்று கோத்துவிடுவார். காலையில் ஒரே பக்கத்தில் மூன்று பெயரும் இருக்கும். வாசகர் யாரும் குறை சொல்லி எழுதியதில்லை. அவர்கள் பேச்சும் அப்படித்தான் இருந்தது.

என் அக்காவின் கல்யாணம் இந்தப் பெயர்க் குழப்பத்தில் சிக்கி ஒரு மாலை முழுவதும் இழுபட்டது. அதனால்தான் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, அக்கா, நான். அப்பா துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். லான்மடாவில் ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அந்த மாடியைப் பலகை வைத்து நான்கு குடித்தனமாகத் தடுத்திருந்தார்கள். பலகை பார்வையை மறைத்ததே தவிரச் சத்தத்தைத் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது எங்கள் அடுப்பில் வெடிப்பது போலக் கேட்கும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், கேசரியில் முந்திரி போட்டிருந்ததா என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும்.

முந்திய வருஷம் ஒரு வரன் வந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், சொல்லி அனுப்பவில்லை. அதற்கப்புறம் பல வாரங்களுக்கு அக்கா குழாயடிக்குப் போனால் ஒரே கேள்விதான்.

"என்ன டீச்சர், அவுகள்ட்டருந்து தகவல் ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சு. உங்களை ரொம்ப விசாரிச்சாங்க" என்பாள் அக்கா.

அக்கா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகளின் கீழ் வகுப்புக்கு டீச்சர். தெருவில் விளையாடி வளர்ந்தவள் ஆகையால் பர்மியம் சரளமாகப் பேசுவாள். நான் அகராதி பார்த்துப் பேசும் பர்மியத்தைக் கேட்டு அவள் வகுப்புப் பிள்ளைகளே சிரித்திருக்கிறார்கள்.

அந்தக் கார்த்திகையில் அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து பேச்சு வந்தது. மோல்மேனில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அவருடைய ஆள் ஒருவர் வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். பெண் பார்க்க வேண்டியதில்லை, சம்மதம் சொன்னால் போதும், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூட வேலை கிடையாது என்றார். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

இன்னொருவர் ரயில்வேயில் குமாஸ்தா. ஊரிலிருந்து கப்பலில் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்காகப் பேசியவர் அவருடைய தாய்மாமன். டவுங்கூ ஸ்டேஷனில் சரக்குக் கொட்டடிக்குத் தலைமைக் குமாஸ்தா அவர். விடுப்பில் ரங்கூனுக்கு வந்திருந்தார். மருமகனுக்கு வேலை மாற்றம் வந்திருந்தது. இன்சின் அல்லது டவுங்கூ, இரண்டில் எது வேண்டும் என்பதைத் திங்கட்கிழமை காலை ஆபீசில் சொல்லியாக வேண்டும். இன்சின் ரங்கூனுக்குப் பக்கம். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிடலாம், அக்காவின் பள்ளிக்கூடத்துக்குக் குறைவில்லை. சம்பந்தம் கூடினால் இன்சின், இல்லாவிட்டால் மருமகனைத் தன்னோடு டவுங்கூவுக்கே அழைத்துப்போய் வேறு இடம் பார்ப்பதாக மாமா சொல்லிவிட்டார். ஆக, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டும்.

அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அவங்க மட்டும் பாக்கிறது இல்லம்மா. நானும் பாக்கணும். பேசவும் பேசணும்."

"என்னத்தடி பேசப் போறே?"

"ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துக்குப் போலாமா கூடாதான்னு."

"அத உன் தம்பி கேட்டுச் சொல்ல மாட்டானா?"

"அவன் கேட்டா அது பேட்டி மாதிரி ஆயிடும். அந்த மனுஷர் பயந்துக்குவார்."

பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டில் வைத்துப் பெண் பார்த்தால் இது நடக்காது என்பது அவளுக்கும் தெரிந்தது. லேக் பார்க்கில் தற்செயலாகச் சந்தித்தது போலச் சந்தித்துவிடலாம் என்ற யோசனை அக்காவுடையது. அவள் தன் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் அங்கே அழைத்துப்போவாள். அங்கே எந்த மரத்தடியில் உட்கார்ந்தால் எறும்பு கடிக்காது என்பது வரை அவளுக்குத் தெரியும். கூடிவந்தால் சரி, கூடிவராவிட்டாலும் குழாயடிக்குத் தெரியாது.

மாமாவிடம் நான் போய்ச் சொன்னேன். மனிதர் முகம் சுளித்தார். மருமகனிடம் கேட்டுவிட்டு மறுநாள் பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் அப்படியே வந்து அக்காவிடம் ஒப்பித்தேன். "பொண்ணு பேசினா நல்லதுதானே மாமா, எனக்குத்தான் பேச வராது" என்று மருமகன் சொன்னாராம்.

 சனிக்கிழமை இரவு பஜ்ஜிக்கு வாழைக்காய் அக்காவே வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் போனபோது, மழைக்காலம் முடிந்து ஏரி கரை முட்ட நிரம்பியிருந்தது. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ்க் கிளைகள் தண்ணீரைத் தொட்டன. மேற்கே பயாவின் பொன் கூம்பு மரங்களுக்கு மேல் தெரிந்தது. காற்று நின்ற நேரத்தில் தண்ணீருக்குள் தலைகீழாகவும் தெரிந்தது. அக்கரையில் வெள்ளைக்காரர்களின் படகுச் சங்கம். யார் உள்ளே வரக் கூடாது என்று அங்கே பலகை ஏதும் வைத்திருக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர்கள் ஒல்லியான படகுகளில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். இக்கரையில் பூங்காக்காரர்களின் சம்பான் படகு ஒன்று, வாரியெடுத்த ஆகாயத்தாமரைக் குவியலோடு கட்டிக் கிடந்தது. அந்தக் குவியலின் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது.

பட்டாளத்து பேண்டு வாசிக்கும் மண்டபத்துக்குத் தெற்கே, அக்கா சொன்ன மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தோம். எறும்பு இல்லை. எங்களைச் சுற்றிச் சீனக் குடும்பங்கள், பர்மியக் குடும்பங்கள், ஆயாக்களோடு வந்த வெள்ளைக்காரக் குழந்தைகள். தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் கண்ணுக்குப் பட்டது. துறைமுகத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் சிலர் தண்ணீரோரத்தில் வரிசையாக உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு இழுத்தே கை காய்த்தவர்கள் விடுமுறை நாளில் படகு பார்க்க வந்திருப்பதை நான் செய்தியாக்க நினைத்தேன். ஆசிரியர் அதையும் அடித்துவிடுவார்.

மாமா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. அவர் தங்கியிருந்த இடம் வேறு, மருமகன் இருந்த மெஸ் வேறு. ஆகையால் தனித்தனியாக வருவதாக ஏற்பாடு.

"அவன் வந்திடுவான்" என்றார் உட்கார்ந்ததும். "ரயில் லேட்டானாலும் அவன் லேட்டாக மாட்டான்."

"இடம் தெரியுங்களா அண்ணே?" என்றாள் அம்மா.

"படகு விடற பெரிய லேக்குன்னு சொல்லியிருக்கேன். ரங்கூன்ல படகு விடற லேக்கு எத்தனை இருக்கு தங்கச்சி?"

இரண்டு இருந்தன. வடக்கே கொக்கைன் பக்கம் இருந்தது இதைவிடப் பெரியது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பேண்டு தொடங்கியது. மாமா அக்காவிடம் என்ன படித்தாள், எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள் என்று கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அம்மா அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து பஜ்ஜி வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒன்று எடுத்தார். பாதையைப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். மருமகனைப் பற்றிய கவலை ஏற ஏற அவர் கை பாத்திரத்துக்குப் போனது. அம்மா மேல் தட்டை மூடி, கீழ்த் தட்டை மடியோரமாக நகர்த்திக்கொண்டாள்.

"ட்ராம் நின்னுபோயிருக்கும்" என்றார்.

"ட்ராம் ஓடுதுங்க" என்றேன். மணிச் சத்தம் அங்கேயே கேட்டது.

"அப்ப யாராவது செத்துக்கித்துப் போயிருப்பாங்க. மெஸ்ஸுல வயசான ஆளு ஒருத்தர் இருக்கார்."

"ஞாயித்துக்கிழமை பாத்து ஏங்க சாவப் போறார்" என்றாள் அக்கா. மாமா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, அது கேலியா அல்லவா என்று தீர்மானிக்க முடியாமல் குடையை விரித்து மடக்கினார்.

நேரம் போனது. நிழல்கள் நீண்டு தண்ணீரில் விழுந்தன. சீனக் குடும்பம் ஒன்று கூடைகளை மூடிக்கொண்டு எழுந்தது. மாமாவின் பேச்சில் இருந்த நிச்சயம் ஒவ்வொன்றாகக் கழன்றது. அவனுக்கு இஷ்டமில்லையென்றால் சொல்லியிருப்பான் என்றார். சொல்கிற பிள்ளைதான் என்றார். கடைசியில், இந்தக் காலத்துப் பிள்ளைகளை யார் கண்டது என்றார்.

அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "போதும்டா. கிளம்பலாம். நாளைக்கு மோல்மேன்காரர் ஆளைப் பாத்துச் சரின்னு சொல்லிட்டு வந்திடு."

"அக்காகிட்ட கேக்க வேண்டாமா?"

"கேட்டுத்தானே இங்க வந்து உக்காந்திருக்கோம்."

அம்மா கடுமையானவள் அல்ல. அவளுக்கு ஆஸ்துமா உண்டு. தன் காலத்துக்குள் மகளை ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் நாள்தோறும் மூச்சிரைத்துக்கொண்டு செய்த கணக்கு. அந்தக் கணக்கில் மோல்மேன்காரர் நிச்சயம். இவர் வராத ஆள்.

அக்கா எழுந்து தண்ணீரோரத்துக்குப் போய் நின்றிருந்தாள். நானும் போனேன். ஏரி நடுவே இருந்த சிறு தீவுக்கு மடையான்களும் கொக்குகளும் திரும்பிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே உட்கார்ந்தவை புதிதாக வந்தவற்றுக்கு இடம் கொடுக்காமல் கத்தின. கரைக் கல்லிடுக்கிலிருந்து ஓர் உடும்பு தலையை நீட்டி, எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தண்ணீரில் இறங்கி நீந்திப் போனது.

"அம்மா கிளம்பச் சொல்றா" என்றேன்.

"தெரியும். அங்கருந்தே கேட்டுது. நம்ம வீட்டுல பேசிப் பேசி அம்மாவுக்கு ரகசியம் பேசவே வராமப் போச்சு."

"என்ன செய்யலாம்?"

"பேண்டு முடியட்டும்."

"முடிஞ்சா?"

அவள் தீவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மோல்மேன்லயும் ஆறு இருக்குது, மலை இருக்குது. நல்ல ஊருன்னுதான் சொல்றாங்க. அந்தப் பிள்ளைங்க ரெண்டும் பாவம். நான் மாட்டேன்னு சொல்லலை." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பேச வராதுன்னு ஒரு ஆம்பளை தானா ஒத்துக்கிட்டான்டா. அதான் பாக்கலாம்னு நெனச்சேன்."

பேண்டு கடைசிப் பாட்டுக்கு வந்துவிட்டது. அது முடிந்ததும் ராஜாவின் வாழ்த்துப் பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பதால் வெள்ளைக்காரர்கள் தொப்பியைத் தேடத் தொடங்கினார்கள். நாங்களும் திரும்பி ஜமுக்காளத்துக்கு வந்தோம். அம்மா மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

அப்போது கிழக்குப் பக்கத்துப் பாதையில் ஒரு பர்மியப் பெண் வந்தாள். நடுத்தர வயது, கன்னத்தில் தனாகா என்னும் மரப்பட்டைப் பூச்சு வியர்வையில் பாதி அழிந்திருந்தது, தலையில் காலிக் கூடை. அவளுக்குப் பின்னால், அவளை விட்டால் வழி தவறிவிடும் என்பது போல நெருக்கமாக, ஒரு தமிழ் இளைஞர் வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்து சேறு படிந்திருந்தது. கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் கைக்குட்டை ஒன்றை மூட்டையாகப் பிடித்திருந்தார்.

மாமா எழுந்தார். "எங்கடா போய்த் தொலைஞ்சே?"

அந்தப் பெண் எங்கள் நால்வரையும் பார்த்து, அக்காவின் முகத்தில் எதைக் கண்டாளோ, நேராக அவளிடம் பேசத் தொடங்கினாள். வேகமான பர்மியம். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அக்கா முதலில் புருவத்தைச் சுருக்கிக் கேட்டாள். பிறகு வாயில் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீரோரத்துத் துறைமுக ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

அக்காவால் பேச முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பவும் கேட்டுக் கேட்டு நான்தான் சொன்னேன்.

அவர் ட்ராமிலிருந்து முன்னதாகவே இறங்கிவிட்டார். வழி கேட்க வேண்டியிருந்தது. குளத்துக்குப் பர்மியர் கன் என்று சொல்வார்கள் என மெஸ் சமையல்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். வெறும் கன் என்றால் ஏதாவது கிணற்றடிக்குக் காட்டிவிடுவார்கள், லேக் என்றும் சேர்த்துச் சொல்வோம் என்று இவராக யோசித்திருக்கிறார். வழியில் கண்டவர்களிடமெல்லாம் 'லேக் கன், லேக் கன்' என்று கேட்டிருக்கிறார். பர்மியர் காதில் லேக் என்ற ஒலி ஆமையைக் குறிக்கும். அத்தனை பேரும் அன்போடு, ஒருவர் பாக்கியில்லாமல், சந்து சந்தாகக் கைகாட்டி, ஒரு சின்னப் பயாவின் ஆமைக்குளத்தில் அவரைக் கொண்டு சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆமைகளுக்குப் போடப் பொரி விற்பவள்தான் இந்தப் பெண்.

"நான் சொன்னேன், இதுதான் ஆமைக்குளம்னு" என்றாள் அவள். "தலையாட்டினார். உட்கார்ந்தார். எழுந்தார். திரும்பவும் வந்து ஆமைக்குளம் எங்கேன்னு கேக்கறார். ஆமையைக் காட்டினேன். ஆமையைப் பாத்துட்டு என்னைப் பாத்து அழுதுடுவார் போல நின்னார். சரி, ஏதோ வேண்டுதல்னு பொரி கொடுத்தேன். இருந்ததை எல்லாம் வாங்கிப் போட்டார். படியில வழுக்கித் தண்ணியில காலை விட்டார். கடைசியில நான் கூடையைக் கட்டும்போது இப்படிச் செஞ்சு காட்டினார்." அவள் இரண்டு கைகளாலும் துடுப்புப் போட்டுக் காட்டினாள். "அப்பத்தான் புரிஞ்சுது. என் வீடு இந்த வழிதான். கூட்டிட்டு வந்தேன்." அக்காவைப் பார்த்து இன்னொன்றும் கேட்டாள். ஆமையைக் கட்டிக்கொள்ள வந்தாரா, உன்னையா என்று.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மாமாவின் முகம் சிவந்திருந்தது. "படகு விடற லேக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஆமை வளக்கிற எடத்துல எவண்டா படகு விடுவான்?"

"விடலைங்க மாமா" என்றார் அவர். "அதான் எனக்கே சந்தேகம்." பிறகு அக்காவைப் பார்த்தார். நிமிர்ந்துதான் பார்த்தார். "நீங்க வரலைன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பிடிக்காமத்தான் வரலை போலருக்குன்னு..."

"நாங்களும் இங்க அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றாள் அக்கா. சிரிப்பு இன்னும் முழுக்க அடங்கவில்லை. "ஆமைங்களாவது பிடிச்சுதுன்னு சொல்லிச்சா?"

அவர் கேள்வியை யோசித்தார். "பொரி தீர்ற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு." கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். "கொஞ்சம் மிச்சம் வச்சேன். இங்கயும் இருக்கும்னு நெனச்சு."

பேண்டு ராஜாவின் பாட்டைத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தோம். அந்தச் சில நிமிஷங்கள் யாரும் பேச முடியாது. அக்கா கைக்குட்டையிலிருந்த பொரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவின் பாட்டு முடிந்ததும், வேறு யாரும் தொடங்குவதற்கு முன்னால் அவள் தொடங்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மாமா சொன்னார். கேளுங்க."

"நான் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் போகணும்."

மாமா தொண்டையைச் செருமினார். அம்மா அடுக்குப் பாத்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

அவர் சேறு படிந்த வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "பேச வராதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றார். "இன்னைக்கு ரெண்டு வார்த்தை பேசினேன், அதுவும் இப்படி ஆச்சு. நீங்க வீட்டுல உக்காந்துட்டா ரெண்டு பேருக்கும் ஊரு தெரியாது. போங்க. போகத்தான் வேணும்." பிறகு, "காலையில ரயில் எத்தனை மணிக்குன்னு பாத்து வைக்கறேன்" என்றார்.

"எந்த ரயிலு?" என்றார் மாமா.

"இன்சின்லருந்து வர்ற ரயிலு, மாமா. நாளைக்கு ஆபீசுல இன்சின்னு சொல்லிடறேன்."

சம்மதம் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அம்மா ஜமுக்காளத்தைத் திரும்பவும் விரித்தாள். உட்காருங்க தம்பி என்றாள். மடியோரம் காப்பாற்றி வைத்திருந்த தட்டைத் திறந்தாள். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பர்மியப் பெண்ணுக்கும் அம்மா ஒன்று கொடுத்தாள். அவள் கடித்துப் பார்த்து, நல்லதென்று தலையாட்டி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். போகும்போது அக்காவின் தோளைத் தட்டி, "கன் கவுங் டெ" என்றாள்.

அம்மாவுக்குப் பர்மியம் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரியும். அவள் முகம் மாறியது. "என்னடி இது, கண்ணுங்கறா? கண்ணு வச்சுட்டுப் போறாளா?"

"இல்லம்மா. அது அதிர்ஷ்டம். உனக்கு நல்ல அதிர்ஷ்டம்னு சொல்றா."

"குளத்துக்கும் கன்னுதானே சொன்னீங்க?"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்."

"இந்தப் பாஷையில எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ" என்றாள் அம்மா. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மறுநாள் குழாயடியில் மிளகாய் நெடிக்குக் காரணம் கேட்டார்கள். அக்கா சொன்ன பதிலில் இந்தத் தடவை கேலி இல்லை.

அன்று இருட்டுவதற்குள் கிளம்பினோம். தீவில் சண்டை ஓய்ந்து பறவைகள் அடங்கியிருந்தன. அக்கா அவரிடமிருந்து கைக்குட்டையை வாங்கிப் பொரியைத் தண்ணீரில் உதறினாள். ஆமை எதுவும் வரவில்லை. மீன்கள் வந்தன, கரையோரத் தண்ணீர் ஒரு கணம் கொதிப்பது போலக் குமிழியிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

பூங்கா வாசலில் வழி பிரிந்தது. நாங்கள் மேற்கே, அவர்கள் கிழக்கே.

"ட்ராம் எங்க நிக்கும், தெரியுமா?" என்றாள் அக்கா.

"கேட்டுக்கறேன்."

"நீ ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றார் மாமா. "என் குடையைப் பாத்துக்கிட்டே வா."

"கன்டோஜின்னு சொல்லணும்" என்றாள் அக்கா. "அடுத்த தடவைக்கு."

"கண்டோசி."

"ஜி."

"கன்டோஜி."

மாமா குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். மருமகன் பின்னால் போனார். விளக்குக் கம்பத்தைத் தாண்டும் வரை அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது எங்களுக்குக் கேட்டது. ஒரு தடவை சரியாக வந்தது, அடுத்த தடவை பழையபடி ஆனது. அக்கா அது நிற்கும் வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.